கூச்சல் என்பார்க்கு

"என்ன தம்பி, உந்தக் கூச்சல் இன்னும் ஓயேல்லையோ?"

2025 ஆம் ஆண்டு தை மாதத்திலே, யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சூழ்ந்திருந்த வேளையில், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் எம்மை நோக்கி இவ்வாறு வினவினார். அவர் தீயவரல்லர். பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். கோயிற் திருப்பணிக்குக் கேளாமலே கொடுப்பவர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்துக் கொட்டகைகளில், காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மாரையே அவர் குறிப்பிட்டார். சபை நாகரிகம் கருதி அன்று நாம் மறுமொழி கூறவில்லை. மணவீட்டிலே வழக்காடுவது வழக்கறிஞர்க்கு அழகன்று என்று எண்ணிக் கைகழுவி எழுந்தோம். ஆயினும் அவர் வாயினின்று உதிர்ந்த அந்த ஒரு சொல் எம்மை விட்டபாடில்லை. அவர்க்குக் கூறாத மறுமொழியை ஈண்டுக் கூறுகின்றோம். ஏனெனில் அவர் தனியரல்லர். அவரைப் போன்று நினைக்கும் படித்த தமிழர் நூற்றுக்கணக்கிலே இந்தப் பத்திரிகையைக் கையிலேந்தியிருப்பர் என்பதை நாம் அறிவோம்.

கூச்சல் என்று அவர் சொன்னார். கூக்குரல் என்று ஏன் சொல்லவில்லை? முறையீடு என்று ஏன் சொல்லவில்லை? ஒரு வழக்கிலே சான்றுகளை விசாரிக்குமுன் தீர்ப்பை எழுதிவிடும் நீதிபதியை நாம் என்னென்போம்? அவ்வாறுதான் சில சொற்களும் தொழில் செய்கின்றன. பெயர் சூட்டிய மாத்திரத்திலேயே வழக்கு முடிந்துவிடுகின்றது. ஆகவே சொல்லை விசாரிப்போம்.

கூ என்னும் ஓரெழுத்து வேரினின்று எத்தனை கிளைகள்! கூவுதல், கூப்பிடுதல், கூப்பாடு, கூக்குரல், கூச்சல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஆயினும் குணம் ஒன்றன்று. கூப்பிடுதல் என்றால் எதிரே ஒருவன் உளன். அவன் வரவேண்டும் என்பதே அச்சொல்லின் உயிர். போருக்கு அழைத்தலை அறைகூவல் என்றனர்; அதற்கும் மறுமொழி உண்டு, எதிரி வந்தே ஆகவேண்டும். கூக்குரல் என்பது ஆபத்திலே எழும் குரல். அதைக் கேட்டவன் ஓடிவரக் கடமைப்பட்டவன். எம் கிராமங்களிலே நடுச்சாமத்தில் ஒரு வளவினின்று "ஐயோ, ஓடிவாருங்கோ" என்ற குரல் எழுந்தால், பத்து வருடம் பேச்சுவார்த்தையின்றி வேலித் தகராறு பட்டவனும் பொல்லை எடுத்துக்கொண்டு பொட்டுக்குள்ளாற் புகுந்து வருவான். வாராதவனை ஊர் மறவாது. கூச்சல் ஒன்றற்கே இந்தக் கடமை கிடையாது. அதைக் கேட்டவன் செய்யக்கூடியது இரண்டு: காதைப் பொத்தலாம், அல்லது "சத்தம் போடாதே" என்று அதட்டலாம். பள்ளிக்கூடத்திலே உபாத்தியாயர் வெளியே சென்றிருக்கும்போது பிள்ளைகள் இடுவது கூச்சல். அதிலே சொல் இல்லை, கேள்வி இல்லை, கேட்பவனுக்கு வேலையும் இல்லை.

வயலிலும் காட்டிலும் பிழைப்பவர்க்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. பரணிலே காவலிருந்து யானையையும் பன்றியையும் துரத்துபவன், ஒரு கூ வைத்தால் அடுத்த பரணிலிருந்து மறு கூ வரும். வாராவிட்டால் அவன் இறங்கிப் போய்ப் பார்ப்பான். "கூப்பிடு தூரம்" என்று தொலைவையே குரலால் அளந்த மக்கள் நாம். சிங்களக் குடியானவனும் அவ்வாறே தன் "ஹூ" எட்டும் அளவைத் தூரத்துக்கு அளவாக வைத்திருந்தான்; சேனைக் காவலிலே அந்த ஒலிதான் அவனுக்கும் துணை. இரு மொழியினரும் காட்டின் நடுவே ஒரே ஒலியால் அயலானைத் தேடினர் என்பதை எண்ணும்போது எமக்குச் சிறிது துயரமே உண்டாகின்றது. ஏனெனில் அதே "ஹூ", இன்று கூட்டங்களிலே பேசுபவனைப் பேசவிடாது இறக்குதற்கு இடும் ஊளையாகவும் இருக்கின்றது. ஒலி ஒன்று, காட்டிலே அது அழைப்பு, கூட்டத்திலே அது விரட்டு.

தொல்காப்பியர் உரியியலிலே கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கு சொற்களையும் அரவம், அதாவது ஓசை, என்னும் பொருளுக்கு உரியனவாக வகுத்தார். வகுத்தவர் அத்துடன் நில்லாது, அவற்றுள் அழுங்கலுக்கு மட்டும் இரக்கம் என்றும் கேடு என்றும் வேறு பொருள்களையும் தந்தார். ஓசை, இரக்கம், கேடு மூன்றும் ஒரே சொல்லில்! கேடுற்றவன் எழுப்பும் ஓசை கேட்பவனிடத்தே இரக்கமாகின்றது என்று நாம் இதைப் படிக்கின்றோம். புலவர்கள் வேறு விதமாகவும் படிப்பர், படிக்கட்டும். இன்னொன்று: புலம்பு என்பதற்கு அதே உரியியல் தரும் பொருள் தனிமை. இன்று நாம் புலம்பல் என்னும் அழுகைச் சொல்லின் அடியிலே, கேட்பாரின்றி நிற்கும் ஒருவனது தனிமை கிடக்கின்றது. எட்டு வருடத்துக்கு மேலாகத் தெருவோரத்திலே இருப்பவர்க்கு அவர்தம் மொழி வைத்திருக்கும் சொற்கள் இவை. எமது பெரியவருக்கு இவற்றுள் ஒன்றும் நாவில் வரவில்லை.

தமிழிலக்கணம் கிடக்கட்டும், சட்டம் என்ன சொல்கின்றது என்பார் உளர். நன்று. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தை எடுத்து, 8 ஆம் பிரிவின் கீழுள்ள உதாரணங்களைப் பாருங்கள். ஒருவன் கொள்ளையிடப்பட்டானா என்பது வழக்கு. நிகழ்ந்த சிறிது நேரத்துள் அவன் முறைப்பாடு செய்தான் என்பதும், எந்நிலையில் எச்சொற்களாற் செய்தான் என்பதும் அவனது நடத்தையாகச் சான்றில் ஏறும். முறைப்பாடு செய்யாமல், தான் கொள்ளையிடப்பட்டதாகச் சும்மா சொன்னான் என்றால், அந்த வகையில் அது ஏறாது. சொல் ஒன்றாயிருக்கலாம்; வாய் ஒன்றாயிருக்கலாம். பரிகாரம் வேண்டி, பரிகாரம் தரக்கூடிய ஒருவனை நோக்கிச் சொன்னானா என்பதே வேறுபாடு. குரல் உயர்ந்திருந்ததா தாழ்ந்திருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அழுதுகொண்டு சொன்னான் என்பதற்காக எந்த நீதிபதியும் முறைப்பாட்டைத் தள்ளியதில்லை. சொல்லப்போனால் உடனே கூக்குரலிடாமல் வாளாவிருந்தவனைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "ஏன் அப்போது கத்தவில்லை?" என்று குறுக்கு விசாரணையிலே குடைவார். நாமும் குடைந்திருக்கின்றோம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைக் கடலிலே ஜேர்சி, குவேர்ன்சி என்று இரு தீவுகள். அங்கே நோர்மன் காலத்து வழமையொன்று இன்னும் சட்டமாய் நிற்கின்றது. தன் காணியில் ஒருவன் அத்துமீறி வேலை தொடங்குவானாயின், காணிக்காரன் சாட்சிகளின் முன் முழந்தாளிட்டு, "ஹாரோ" என்று மும்முறை கூவி, தனக்கு அநீதி இழைக்கப்படுகின்றதென்று தன் அரசன் பெயரால் உதவி கேட்கவேண்டும். கேட்ட மாத்திரத்தில் அந்த வேலை நின்றாகவேண்டும். நீதிமன்றம் தீர்க்கும்வரை மண்வெட்டி எழும்பாது. காரணமின்றிக் கூவினவனுக்குத் தண்டமும் உண்டு. கூக்குரலே அங்கு தடையுத்தரவு. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனை 1087 ஆம் ஆண்டு கான் நகரிலே அடக்கம் செய்ய முற்பட்டபோது, அசெலின் என்னும் குடியானவன் கூட்டத்தினின்று எழுந்து, இந்த நிலம் என் தகப்பனுடையது, இறந்து கிடக்கும் இவனே பறித்தான் என்று உரத்துக் கூறினான் என அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கின்றார். ஆயர்களும் பிரபுக்களும் அயலாரை விசாரித்து, உண்மையென்று கண்டு, குழிக்கு விலை கொடுத்த பின்னரே மன்னன் மண்ணுள் இறங்கினான். "சாவீட்டிலே கூச்சலிடாதே" என்று ஒருவரும் அவன் வாயைப் பொத்தவில்லை.

கடல் கடந்து ஏன் போகவேண்டும்? அநுராதபுரத்திலே அரசிருந்த எல்லாளனைச் சிங்களரின் மகாவம்சமே புகழ்கின்றது. நண்பன் பகைவன் என்று பாராது நீதி செய்தான் என்று, அவனை வென்றவர் பக்கத்துப் பிக்குவே எழுதினார். மன்னனின் கட்டிற் தலைமாட்டிலே மணி. அதன் நீண்ட கயிறு வெளியே. கன்றைத் தேரால் இழந்த பசு கயிற்றை இழுத்தது. மகனையே தேர்க்காலிலிட்டான் மன்னன். குஞ்சைப் பாம்புக்கு இழந்த பறவை இழுத்தது. காயவைத்த நெல்லைக் காலமல்லாக் காலத்து மழை நனைத்ததென்று ஒரு கிழவியும் இழுத்தாள்! மழை பெய்ததற்கு அரசன் என்ன செய்வான் என்று வாயிற்காவலன் அவளைத் துரத்தவில்லை. மழை உரிய வேளையிற் பெய்யவேண்டுமென்று மன்னன் நோன்பு கிடந்தான் என்கிறது மகாவம்சம். கதையை வரலாறென்று நாம் சாதிக்க வரவில்லை. ஒன்றை மட்டும் நோக்குங்கள்: பசுவுக்குச் சொல் இல்லை. அது இழுத்தபோது எழுந்தது வெறும் ஓசை. அந்த ஓசையை முறையீடென்று ஏற்றவன் அரசன். பசுவைப் பார்த்து, எந்த மொழியில் விண்ணப்பம் எழுதினாய், எந்தப் படிவத்தை நிரப்பினாய் என்று அவன் கேட்டிலன்.

இன்று பசு மயிலத்தமடுவிலே நிற்கின்றது. மட்டக்களப்பின் எல்லையில், மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளிலே பரம்பரையாகப் பட்டி வைத்த பாற்பண்ணையாளர், வெளியிலிருந்து வந்தோர் தரையை உழுது பயிரிடுகின்றனர் என்றும், தம் மாடுகள் சுடப்படுகின்றன, சுருக்கு வைத்துக் கொல்லப்படுகின்றன என்றும் 2023 செப்ரெம்பரிலே சித்தாண்டியில் தெருவுக்கு வந்தனர். பொலிஸ் நிலையம் கண்டனர், நீதிமன்றமும் கண்டனர், அமைச்சர்களும் வந்து பார்த்துச் சென்றனர். மகாவம்சத்தைத் தலைமாட்டில் வைத்து உறங்கும் ஆட்சியாளரை நாம் கேட்கின்றோம்: அந்நூலின் இருபத்தோராம் அதிகாரத்தைத் தாங்கள் படித்ததில்லையோ?

"மெல்லக் கேட்டிருந்தாற் தந்திருப்பர்" என்று எம்மிடையே ஒரு சாரார் ஓயாது ஓதுவர். பெரியவரின் கேள்விக்குள்ளும் அந்த ஓதலே ஒளிந்திருந்தது. வரலாறு அதற்குச் சாட்சி சொல்லுமா? 1956 யூன் 5 ஆந் திகதி காலிமுகத் திடலிலே தமிழ்த் தலைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். கூச்சலிட்டது யார்? சூழ்ந்து நின்று கல்லெறிந்த கும்பல். சட்டமாகியது எவருடைய விருப்பம்? அந்த ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1957 யூலை 26 இலே பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். மேசையிலே, மெல்லிய குரலிலே, படித்தவர் இருவர் பேசி முடித்த காரியம் அது. 1958 ஏப்ரில் 9 இலே பிக்குமார் கொழும்பு ரோஸ்மீட் பிளேசிலே பிரதமரின் வாயிலில் வந்தமர்ந்து ஆரவாரித்தனர். அன்றே ஒப்பந்தம் கிழிந்தது. அந்த ஆரவாரத்துக்குக் கூச்சல் என்று எவரும் பெயரிடவில்லை. மக்களின் குரல் என்றனர். பின்னர் 1961 பெப்ரவரி 20 இலே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலை மறித்து எம்மவர் அமர்ந்தபோது, அங்கே தேவாரமும் செபமும் அன்றி வேறென்ன கேட்டது? வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கானோர் அமைதியாய் இருந்ததற்குக் கிடைத்த விடை, ஏப்ரில் 17 இலே அவசரகால நிலையும், இராணுவமும், பனாகொடைத் தடுப்பு முகாமும். பேசினால் கூச்சல், பேசாதிருந்தால் சட்டமறுப்பு, பாடினாலும் குற்றம். எந்தத் தொனியிற் கேட்கவேண்டும் என்பதைத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் எமக்கு அறிவிப்பார்களாக.

அறிந்தோ அறியாமலோ, அதே பெப்ரவரி 20 ஆந் திகதியிலேதான் 2017 ஆம் ஆண்டு கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அந்தத் தாய்மார் அமர்ந்தனர். நான்கு நாளில் வவுனியாவிலும் கொட்டகை எழுந்தது. அவர்கள் கூச்சலிடுகின்றனர் என்பவர், அவர்களிடம் இருக்கும் பைகளை ஒருநாள் திறந்து பார்க்கட்டும். பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் படம், செஞ்சிலுவைச் சங்கத்துத் துண்டு, பொலிசிலே கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, 2010 இலே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, 2013 இலே அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனு. பெயர், திகதி, இடம், ஒப்படைத்த பாதை, கையேற்றவரின் உடை என யாவும் எழுதப்பட்டுள. எமது நீதிமன்றங்களிலே இதனிற் பாதி விபரமும் இல்லாத வழக்குகளை நாம் வென்றிருக்கின்றோம். ஒவ்வொரு புதிய அலுவலகமும் முதலிலிருந்து சொல்லச் சொல்லுகின்றது, அவர்களும் சொல்லுகின்றனர், பலர் சொல்லிக்கொண்டே இறந்தும் போயினர். கண்ணகி மதுரையிலே மற்றைச் சிலம்பைக் கையிலேந்தி வழக்குரைத்தாள். மட்டக்களப்பிலே வைகாசி தோறும் அம்மன் கோயில்களிற் படிக்கப்படும் ஏட்டுக்கும் கண்ணகி வழக்குரை என்றே பெயர். இந்தத் தாய்மாரின் பையிலுள்ளது மற்றைச் சிலம்பு. உடைத்துப் பார்க்க ஒரு பாண்டியன்தான் இல்லை. தவறென்று கண்டபோது அவன் உயிரையே விட்டான் என்பதை வேறு நினைக்கவேண்டியிருக்கின்றது.

முறைப்பாடு எவ்வாறு கூச்சலாக மாற்றப்படுகின்றது என்பதற்கு எம் தொழிலிலே கண்ட ஒரு சிறு காரியத்தையும் சொல்லிவிடுகின்றோம். வடக்கிலே ஒரு பொலிஸ் நிலையம். தன் வயலின் வரம்பை வெட்டி எல்லைக் கல்லைப் பெயர்த்துவிட்டனர் என்று முறையிட ஒரு விதவை சென்றாள். அரைமணி நேரம் பேசினாள் என்று உடன் சென்ற மகன் கூறினான். எழுதியவர் சிங்களத்திலே எழுதினார். படித்துக் காட்டவில்லை. ஒப்பமிடு என்றனர், இட்டாள். மாதங்கள் கழிந்து நாம் அந்தப் பிரதியைப் பெற்றுப் பெயர்ப்பித்துப் பார்த்தபோது இருந்தவை இரண்டே வரிகள்: காணித் தகராறு, அயலவருடன் வாய்ச்சண்டை. கல் இல்லை, வரம்பு இல்லை, வெட்டியவன் பெயர் இல்லை. அரைமணி நேர வழக்கு, எழுதுகோலின் நுனியிலே வாய்ச்சண்டையாயிற்று. தமிழும் அரச கரும மொழியென்று அரசியலமைப்பிலே 1987 இலே எழுதியாயிற்று. வடக்குக் கிழக்கிலே தமிழே நிருவாக மொழியென்று அதன் 22 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஏட்டிலே கூறுகின்றது.

இனி எம்மவரை நோக்கியும் சிறிது கசப்பாகப் பேசவேண்டும். கூச்சல் என்னும் சொல்லுக்கு உரியவர் எம்மிடையே இல்லையென்று நாம் சத்தியம் செய்ய முடியாது. தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டி, முந்தாநாள் கூறியதையே உரத்துக் கூறுவதும், மற்றக் கட்சிக்காரனைத் துரோகி என்பதும், கைதட்டல் ஓய்ந்ததும் காரேறிப் போவதும் என்ன? யாரை நோக்கி, எந்தப் பரிகாரம் வேண்டி அது எழுகின்றது? 8 ஆம் பிரிவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அது முறைப்பாடன்று, சும்மா சொன்னதுதான். நாமும் அந்த மேடைகளிலே நின்றவர்களே. ஆகவே அதன் இனிமையும் வெறுமையும் எமக்குத் தெரியும். தெருவோரத்துத் தாயின் குரலை மேடைக்காரன் இரவல் வாங்கி முழக்கமாக்குகின்றான். கேட்டுச் சலித்தவன், தாயையும் மேடைக்காரனையும் ஒரே சொல்லால் ஏசிவிடுகின்றான். பெரியவரின் பிழையில் எமக்கும் பங்குண்டு.

முழக்கத்துக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை 2025 ஆம் ஆண்டு எமக்குச் செம்மையாகக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் 28 இலே வர்த்தமானி அறிவித்தலொன்று வந்தது. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ், வட மாகாணத்திலே ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு உரித்துடையோர் மூன்று மாதத்துள் உரிமை கோரவேண்டும். கோராதன அரச காணியாகும். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டத்துக் காணிகளும் அதில் அகப்பட்டன. பிரித்தானியர் காலத்துச் சட்டம். வாயடைத்திருப்பவனின் காணியை முடிக்குரியதாக்குவதற்கென்றே செதுக்கிய கருவி. போரிலே உறுதி எரிந்தவன் என்ன செய்வான்? கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் உரித்தாளர் வர்த்தமானி படிக்கின்றாரா? தகப்பன் இறந்து, பிள்ளைகள் மூன்று நாட்டிலே சிதறி, மரணசாதனம் நிறைவேறாது கிடக்கும் காணிகள் எத்தனை? மூன்று மாதத்துக்கு மௌனம் காத்தால் மூன்று தலைமுறைச் சொத்து முடிந்தது. அன்று தெருவிலும் பாராளுமன்றத்திலும் கூக்குரல் எழுந்தது. அறிவித்தலை மீட்டுக்கொள்வோம் என்று அரசாங்கம் மே மாதத்திலே சொல்ல நேர்ந்தது. வழக்கும் தொடுக்கப்பட்டு, யூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. தெருவிலே குரல் எழாமல் மனு மட்டும் போயிருந்தால், அல்லது மனுப் போகாமல் குரல் மட்டும் எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளட்டும்.

அந்த ஏப்ரில் மாத முடிவிலே, வெற்றிலைத் தட்டருகே எம்மை வினவிய அதே பெரியவர், துணியிற் சுற்றிய ஒரு பழைய உறுதியுடன் எம் அலுவலகத்துப் படியேறினார். வன்னியிலே தகப்பன் வழிக் காணி. "தம்பி, இதுக்கு ஆரிட்டைப் போய்க் கத்துறது?" என்றார். நாம் நாற்காலி காட்டினோம். தைமாதப் பேச்சை நாம் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

உறுதியிலே எல்லைகள் இருந்தன, வரைபடம் இல்லை. தோம்பு இலக்கம் தெரியாது. 1990 களுக்குப் பின் அந்தக் காணியில் எவர் நிற்கின்றார் என்பதும் தெரியாது. இவருக்கே இந்நிலையாயின், அனுமதிப்பத்திரத்தைப் பெட்டியோடு வட்டுவாகலிலே விட்டு வந்த குடியானவனுக்கு என்ன நிலை? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் காலவரையறை தொடர்பிலே ஒரு விசேட சலுகை தந்தது. 1983 மே தொடக்கம் 2009 மே வரை தம் காணியைக் காக்க வழக்கிட முடியாதிருந்தோர்மீது, அந்த ஆண்டுகளின் மௌனத்தைச் சுமத்தலாகாது என்பதே அதன் கருத்து. குரலெழுப்ப முடியாதவனின் மௌனம் சம்மதமன்று என்பதைப் பாராளுமன்றமே ஒப்பிய இடம் அது. ஆனால் ஆயுதக் குழுக்களின் செயலால் தடைப்பட்டோர்க்கே அந்தச் சலுகை. படையினர் வேலியிட்டதால் தடைப்பட்டவனை அச்சட்டம் காணவில்லை. அந்த அரைச் சலுகையையும் எம்மவருள் எத்தனை பேர் பயன்படுத்தினர்? எத்தனை சட்டத்தரணிகள் கிராமத்துக்குச் சென்று அதை வாசித்துக் காட்டினர்? எம்மையும் சேர்த்தே கேட்கின்றோம்.

ஆதலின் கமக்காரருக்கு நாம் கூறுவது: உறுதி, அனுமதிப்பத்திரம், வரித்துண்டு, மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பாடசாலை அனுமதி, குளத்து நீர் வாரியத்துக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டு என எது கையில் எஞ்சியிருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஊரிலே முதியோர் இருக்கும்போதே, எந்தக் குளத்துக்குக் கீழ் எந்த வயல் எவருடையது என்பதைச் சத்தியக்கடதாசியாக எழுதுவியுங்கள். அவர்கள் போனபின் எல்லை சொல்ல ஆளில்லை. படித்த அன்பர்களுக்கு நாம் கூறுவது இதனினும் சுருக்கம்: மாதத்திலே ஒரு சனிக்கிழமையை வாசிகசாலை ஒன்றுக்குக் கொடுங்கள். ஆசிரியர் மனு எழுதலாம், நில அளவையாளர் வரைபடம் பார்க்கலாம், நொத்தாரிசு தேடுதல் செய்யலாம், பெயர்க்கத் தெரிந்தவர் பெயர்க்கலாம். பெரியவரே, தங்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. தங்கள் கையெழுத்து அழகானதென்று கேள்விப்பட்டோம்.

பொலிஸ் நிலையத்திலே முறையிடச் செல்பவர், தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டும்வரை ஒப்பமிடாதீர்கள். பிரதி கேளுங்கள். கேட்கும்போது உங்கள் குரல் உயர்ந்தால் உயரட்டும். அதனைக் கூச்சல் என்று புத்தகத்திலே பதிய அந்த அலுவலர் விரும்புவாராயின், அந்தச் சொல்லையும் அவர் தமிழிலேயே எழுதட்டும்.